வாரிசுரிமைக் கோப்பைக் கையாளுதல்: வழக்கறிஞர் அலுவலக உதவியாளருக்கான வழிகாட்டி

சென்னையில் தம்புச் செட்டித் தெருவிலும் அர்மேனியன் தெருவிலும் உள்ள வழக்கறிஞர் அலுவலகங்களில் உயில், வாரிசுரிமை, டிரஸ்ட் ஆகிய பணிகளைக் கவனிக்கும் உதவியாளருக்கு நிலையான பதவிப் பெயர் கிடையாது. பழைய அலுவலகங்களில் அவர் குமாஸ்தா; பெரிய நிறுவனங்களில் அவரைப் பாராலீகல் என்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமிக்கும் பாராலீகல் தன்னார்வலர்கள் வேறு வகையினர். அவர்களுடைய பணியும் வேறு. இங்கே நான் எழுதுவது ஒரு வழக்கறிஞரின் கீழ் சம்பளத்துக்கு வேலை செய்து, இறந்தவர் ஒருவரின் கோப்பைத் திறப்பதிலிருந்து மூடுவது வரை அதன் காகிதங்களுக்குப் பொறுப்பேற்பவருக்காக. சட்டக் கல்லூரி மாணவர்களும், பட்டம் பெற்றுப் பதிவுக்குக் காத்திருப்பவர்களும் இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி வழக்கறிஞராகப் பதிவு செய்தவரே சட்டத்தொழில் நடத்த முடியும். உதவியாளர் தகவல் கேட்கலாம், வரைவு தயாரிக்கலாம், தாக்கல் செய்யலாம், நகல் வாங்கலாம். “உங்களுக்குப் பங்கு உண்டா, இல்லையா” என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. வாரிசுரிமைக் கோப்புகளில் இந்தக் கேள்வி நாள்தோறும் வரும். அதுவும் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருக்கும் நேரத்தில், கட்சிக்காரரின் மைத்துனர் தொலைபேசியில் வந்து, மிகச் சாதாரணமாகக் கேட்பார். “சார் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்” என்ற ஒரே பதிலைச் சலிக்காமல் சொல்லப் பழகியவரிடம்தான் வழக்கறிஞர் கோப்பை நம்பி ஒப்படைப்பார்.

முதல் சந்திப்பும் வம்சாவளியும்

கட்சிக்காரர் முதன்முறை வரும்போது பெரும்பாலும் சொத்தைப் பற்றித்தான் பேசுவார். அதைக் கேட்டுக்கொண்டே உதவியாளர் ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தின் வம்சாவளியை வரையத் தொடங்க வேண்டும். இறந்தவர் நடுவில், மேலே பெற்றோர், பக்கத்தில் மனைவி அல்லது கணவர், முன்பு ஒரு திருமணம் நடந்திருந்தால் அதுவும், கீழே பிள்ளைகள், இறந்துபோன பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், தத்து எடுக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த ஆண்டையும், இறந்திருந்தால் இறந்த தேதியையும் எழுத வேண்டும். இறந்த ஆண்டு மட்டும் போதாது, தேதியே வேண்டும். அந்தக் குடும்பம் எந்த மதத்தைச் சேர்ந்தது என்பதையும் தயங்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்துவுக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், கிறிஸ்தவருக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிமுக்கு அவர்களுடைய தனிச் சட்டம் என்று அடிப்படையே மாறிவிடும்.

தேதி ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் ஒருவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள், தாய் ஆகியோர் இருக்கிறார்கள். நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள்; அவருடைய தனிச் சொத்தில் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. தந்தை உயிரோடு இருந்தாலும் இந்த வரிசையில் வரமாட்டார். அவர் இரண்டாம் வகுப்பு. அந்த ஆண் இறந்த மூன்று மாதங்களில், ஏற்கெனவே விதவையாக இருந்த அந்தத் தாயும் உயில் எழுதாமல் காலமாகிறார். அவருக்கு மேலும் ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. இப்போது தாய்க்குச் சேர்ந்த நான்கில் ஒரு பங்கு அவருடைய வாரிசுகளிடையே மூன்றாகப் பிரிகிறது: உயிரோடிருக்கும் இரு பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று, முன்னரே இறந்த மகனின் இரு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஒன்று. ஆக இறந்தவரின் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு இருபத்து நான்கில் ஏழு, மனைவிக்கு இருபத்து நான்கில் ஆறு, இறந்தவரின் தம்பிக்கும் தங்கைக்கும் இருபத்து நான்கில் இரண்டு இரண்டு. “அம்மாவும் போய்விட்டார்கள், அதனால் நாங்கள் மூன்று பேர்தான்” என்று குடும்பம் நல்லெண்ணத்தோடுதான் சொல்லும். அதை அப்படியே எழுதிக்கொண்டால், சில ஆண்டுகள் கழித்து வீட்டை வாங்க வருபவரின் வழக்கறிஞர் அந்தத் தம்பியின் கையெழுத்தைக் கேட்பார். தாயின் பங்குதான் இந்த ஊர்க் கோப்புகளில் அதிகம் விடுபடுகிறது.

பெண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் சொத்து அவருக்கு எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். பிள்ளைகளோ, முன்னரே இறந்த பிள்ளைகளின் பிள்ளைகளோ இல்லாத இந்துப் பெண்ணுக்குத் தாய் தந்தையிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். கணவரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ அவ்வாறு வந்தது கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவர் தாமே சம்பாதித்ததற்கு விதி வேறு. இதை முடிவு செய்வது வழக்கறிஞர். ஆனால் மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வைப்பது உதவியாளரின் வேலை. பூர்வீகச் சொத்து என்ற சொல் வந்தால் மகள்களின் திருமண ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தரத் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமும், 2005 செப்டம்பர் 9 முதல் வந்த மத்தியத் திருத்தமும், 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அங்கே பேசப்படும்.

பெயர்களுக்கு ஒரு தனித் தாள்

வம்சாவளிக்கு அடுத்தபடி நான் வலியுறுத்துவது பெயர் அட்டவணை. நம் ஊரில் ஒருவருடைய பெயர் கிரயப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும், ஆதாரில் தந்தை பெயர் விரிந்து மூன்றாவது விதமாகவும் இருக்கும். சுப்பிரமணியன் என்பவர் பங்குப் பத்திரத்தில் சுப்ரமணியம் ஆவார். திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்தும் பின்னர் கணவரின் முதலெழுத்தும் போட்டுக்கொண்ட பெண்களின் ஆவணங்கள் இரண்டு தனி நபர்களுடையவை போலவே தோன்றும். ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர், முதலெழுத்து, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி ஆகியவை எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதை எழுத்துக்கு எழுத்து அட்டவணையில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் மனுவில் “என்கிற” போட்டு எத்தனை பெயர்களைச் சேர்க்க வேண்டும், எந்த இடத்தில் ஒரே நபர்தான் என்ற பிரமாண வாக்குமூலம் தேவை என்பது தெரியும். நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் ஓர் எழுத்து மாறியதால் வங்கி பணம் தர மறுத்து, திருத்த மனுப் போட்டு, மறுபடியும் நகல் வாங்கிய அலைச்சலை நான் அனுபவித்திருக்கிறேன். அந்த எழுத்துப் பிழை எங்கள் வரைவிலேயே இருந்தது.

இறப்புச் சான்றிதழிலும் இதே கவனம் வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். துக்க வீட்டில் யாரோ ஒருவர் ஓடிப்போய்ச் சொல்லிய விவரமே அதில் ஏறியிருக்கும். தவறு இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

எந்தச் சான்று, எதற்கு

மக்கள் எல்லாவற்றையும் “வாரிசு சர்டிபிகேட்” என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். தாசில்தார் வழங்கும் வாரிசு சான்றிதழ், இ-சேவை வழியாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் கிடைப்பது. இன்னார் இன்னாருக்கு உறவு என்று சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்லாது. வாரிசுகளிடையே தகராறு இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். நீதிமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவின் கீழ் வழங்கும் சக்சஷன் சர்டிபிகேட் வேறு. அது இறந்தவருக்கு வரவேண்டிய கடன்கள், வைப்புத்தொகை, பங்குகள், கடன் பத்திரங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே. வீட்டுக்கும் நிலத்துக்கும் அதைக் கேட்டு வருபவர்களைத் திருத்தி அனுப்புவதே பாதி நாள் வேலையாகிவிடும்.

உயில் இருந்து, அதைச் செயல்படுத்த அதிலேயே நிறைவேற்றுநர் நியமிக்கப்பட்டிருந்தால் அவர் கேட்பது புரோபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று. உயில் இருந்தும் நிறைவேற்றுநர் பெயர் இல்லாவிட்டால், அல்லது அவர் இறந்துவிட்டால், மறுத்துவிட்டால், சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகார ஆவணமான லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனை உயில் இணைத்துக் கேட்க வேண்டும். உயிலை முதலில் வாசிக்கும்போதே “நிறைவேற்றுநராக நியமிக்கிறேன்” என்ற தொடரைத் தேடிப் பென்சிலால் நகலில் குறித்துவைத்தால் மனுவின் தலைப்பு தவறாது.

சென்னைக்கு இங்கே ஒரு தனி வரலாறு உண்டு. சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் எல்லைக்குள்ளும் பழைய வங்காள ஆளுகைப் பகுதியிலும் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றிய உயில்களுக்கும், புரோபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு நெடுங்காலம் சொல்லிவந்தது. அதனால்தான் மயிலாப்பூர் வீட்டுக்குப் புரோபேட் வேண்டும், மதுரை வீட்டுக்கு வேண்டாம் என்ற விசித்திரம் இருந்தது. நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. புரோபேட் பெறும் வழி அதனால் மூடப்படவில்லை. உயில் உண்மையானது என்பதற்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அதுவே என்பதால், உடன்பிறந்தவர்களிடையே மனக்கசப்பு இருக்கும் குடும்பங்களும், வீட்டை விற்க நினைப்பவர்களும் இனியும் அதைக் கேட்டு வருவார்கள். அலுவலகத்தில் இருக்கும் பழைய மாதிரிப் படிவங்களை அப்படியே பார்த்து எழுதும் பழக்கம்தான் இப்போது ஆபத்து. 213-ஆம் பிரிவைக் குறிப்பிடும் ஒவ்வொரு வரியையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாமினி பற்றிய கேள்வியும் இங்கேயே வரும். நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர், அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றி 1984-இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகள் பற்றி 2023-இல் சக்தி யெஸ்தானி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. காப்பீட்டுக்கு மட்டும் 2015-இல் வந்த திருத்தம் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நியமனதாரராக இருக்கும்போது நிலையை மாற்றியது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆகவே சொத்துப் பட்டியலில் நாமினி பெயருக்கு ஒரு கட்டமும், விகிதத்துக்கு ஒரு கட்டமும் சேர்த்துவிடுங்கள்.

மூல உயிலைக் கையில் வாங்கும்போது

மூல உயில் மேசைக்கு வந்தவுடன் செய்யக் கூடாதவை பல. பின்னைக் கழற்றக் கூடாது; துளையிடக் கூடாது; ஓரத்தில் குறிப்பெழுதக் கூடாது; மடிப்பை நேராக்க இஸ்திரி போடக் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, ஒருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். பின் கழன்ற தடம் இருந்தால் ஒரு பக்கம் மாற்றப்பட்டதோ என்று எதிர்த்தரப்பு கேட்கும். வந்த நிலையிலேயே முன்னும் பின்னும் வருடி, அதாவது ஸ்கேன் செய்து, படமெடுத்து, பக்க எண்ணிக்கை, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து உள்ளதா, அடித்தல் திருத்தல் எங்கே, மையின் நிறம் மாறுகிறதா என்பவற்றைத் தனித் தாளில் எழுதி, கொண்டுவந்தவருக்கு ஒப்புகைச் சீட்டுக் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். உயில் யாரிடம், எந்த இடத்தில், எப்போது கிடைத்தது என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

அடுத்து சாட்சிகளைத் தேட வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதை அவர்கள் ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவர் தாமே ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும். எழுதியவரின் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து, வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரை விசாரிக்காமல் உயிலை நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 67-ஆம் பிரிவாக வந்திருக்கிறது. பதிவு செய்யப்பட்ட உயிலுக்கும் இது பொருந்தும். முப்பது ஆண்டு பழைய ஆவணம் தானாகவே மெய்யென்று கொள்ளப்படும் சலுகை உயிலுக்குக் கிடையாது. எனவே முதல் வாரத்திலேயே இரண்டு சாட்சிகளின் இருப்பிடத்தையும் கண்டுபிடித்து, முதியவராக இருந்தால் அவருடைய உடல்நிலையை வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து வாய்தா வரும்வரை காத்திருந்தால் சில சமயம் இரங்கல் செய்திதான் கிடைக்கும். இருவரும் இறந்திருந்தால், சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அறிந்தவர்களைத் தேட வேண்டும். பழைய பத்திரங்கள், ஓய்வூதியத் தாள்கள், காசோலைகள் ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும்.

உயில் தமிழில் இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இது அலுவலகங்களில் மிக அலட்சியமாகச் செய்யப்படும் வேலை என்பது என் கருத்து. பழைய ஆவண எழுத்தர்களின் தமிழில் ஒவ்வொரு தொடருக்கும் சட்ட எடை உண்டு. “புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைந்துகொள்ள வேண்டியது” என்றால் முழு உரிமை. “தன் ஆயுட்காலம் வரை யாதொரு வில்லங்கத்துக்கும் உட்படுத்தாமல் அனுபவித்துவந்து, தன் காலத்துக்குப் பின்” என்றால் வாழ்நாள் அனுபவம் மட்டும். மனைவிக்கு இரண்டாவது வகையில் எழுதப்பட்டிருக்கும் உயிலை அவசரமாக மொழிபெயர்த்து, இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டால், பெண்ணின் சொத்துரிமை பற்றிய இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைச் சுற்றி எழும் முழு விவாதமும் தவறான அடித்தளத்தில் நடக்கும். புரியாத தொடரை அழகுபடுத்தாமல், சொல்லுக்குச் சொல் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இட்டு வழக்கறிஞரிடம் கொடுப்பதே சரி. “மேற்படியார்” யார் என்பதில் சந்தேகம் இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். ஒரே பத்தியில் மூன்று மேற்படியார்கள் இருந்த உயில்களும் உண்டு.

மனு முதல் உத்தரவு வரை

புரோபேட் மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: இறந்த நாள், இணைக்கப்பட்டது அவருடைய கடைசி உயில் என்பது, அது முறைப்படி எழுதப்பட்டது என்பது, மனுதாரர் கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு, மனுதாரரே உயிலில் கண்ட நிறைவேற்றுநர் என்பது. சாட்சி ஒருவர் கிடைக்கக்கூடியவராக இருந்தால் 281-ஆம் பிரிவின்படி அவரும் மனுவைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இறந்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால் தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே விளக்க வேண்டும். “கட்சிக்காரருக்குச் சட்டம் தெரியாது” என்று எழுதுவதைவிட, எந்தத் தேவை எப்போது எழுந்தது என்று தேதியோடு எழுதுவது நிற்கும்.

சொத்துப் பட்டியலைத் தயாரிக்கும்போது அசையாச் சொத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது மூன்றையும் எடுத்துச் சர்வே எண்ணை ஒப்பிட வேண்டும். நகரில் பழைய சர்வே எண்ணும் பிற்காலத்து டவுன் சர்வே எண்ணும் வேறுபடும்; இரண்டையும் எழுதுங்கள். நிலுவைக் கடன்களையும் இறுதிச் சடங்குச் செலவையும் தனிப் பட்டியலில் காட்ட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் ஒப்புதல் வாக்குமூலங்களும் அதிகாரப் பத்திரங்களும் தாமதத்தின் பெரும் ஊற்று. இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றோ, அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டு ஆவணத்தை மெய்ப்பிக்கும் அபோஸ்டில் முத்திரை வாங்கியோ அனுப்பச் சொல்ல வேண்டும். அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதால் வந்த தபால் உறையையும் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வரைவை அனுப்பும்போதே எந்த இடத்தில் கையெழுத்து, எத்தனை பக்கம், பாஸ்போர்ட் நகல் வேண்டுமா என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பினால், நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் ஒரு நாள் விடுப்போடு வேலையை முடித்துவிடுவார்.

தாக்கல் செய்த மனு குறைபாடுகளுக்காகத் திரும்பி வருவது இயல்பு. திரும்பி வந்த தாளில் உள்ள ஒவ்வொரு குறைபாட்டுக்கும் எதிரே என்ன செய்தோம் என்று எழுதி, குறித்த காலத்துக்குள் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். எண் கிடைத்த பின், நெருங்கிய உறவினர்களுக்கு அறிவிப்பு அனுப்பவும் நாளிதழில் விளம்பரம் செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடும். அறிவிப்பு முகவரிகளை வம்சாவளித் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். உறவு முறிந்த அண்ணன் பெயரை விட்டுவிடும்படி கட்சிக்காரர் கேட்பார்; விடக் கூடாது. அறிவிப்பு இல்லாமல் பெற்ற புரோபேட்டை ரத்து செய்யக் கோர அதுவே காரணமாகும். எதிர்ப்பு இல்லாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் சாட்சியம் பெரும்பாலும் மாஸ்டர் என்னும் நீதிமன்ற அதிகாரி முன்னிலையில் பதிவாகும். கேவியட் எனும் ஆட்சேப மனு வந்து எதிர்ப்பு நிலைத்தால் மனு வழக்காக மாறி, உயில் வழக்குகளுக்கான டி.ஓ.எஸ். எண் பெறும், அதன் பின் காகிதங்களின் அளவும் காலமும் பல மடங்காகும்.

எதிர்ப்பு வரும் வழக்குகளில் 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன “சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள்” என்ற தொடரைத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். நடுங்கும் கையெழுத்து, இயற்கை வாரிசுகளை ஒதுக்கியது, பயன் பெறுபவரே உயில் எழுதும் வேலையில் முன்னின்றது ஆகியவை அவற்றில் சில. மருத்துவமனைக் குறிப்புகள், அந்த மாதத்து வங்கிக் கையெழுத்து, பதிவு அலுவலகத்துக்குப் போன நாள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் வழக்கறிஞருக்கு அது பெரிய உதவி.

உயிர் உள்ளவரின் உயில்

புதிதாக உயில் எழுத வருபவர் வேறு வகைக் கட்சிக்காரர். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை என்றாலும், பதிவு செய்வதையே இங்கு பெரும்பாலான வழக்கறிஞர்கள் விரும்புகிறார்கள். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் வைப்பாக ஒப்படைக்கும் வழியும் பதிவுச் சட்டத்தில் உண்டு. உதவியாளர் கவனிக்க வேண்டியது கையெழுத்து நாள். அழைத்துவந்த மகனை வெளியறையில் உட்காரவைத்துவிட்டு, பெரியவர் தாமே படித்தாரா, படித்துக் காட்டப்பட்டதா என்பதைப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கி, சாட்சிகளின் முழு முகவரியை எழுதவேண்டும். சாட்சிகள் எழுதியவரைவிட வயதில் இளையவர்களாக, ஊரில் நிலையாக இருப்பவர்களாக இருப்பது நல்லது. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ அவருடைய துணைவருக்கோ எழுதிவைத்த சொத்து செல்லாது. இந்து உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் பயன் பெறுபவரைச் சாட்சியாக்குவது வீண் வம்பு. அலுவலக உதவியாளரே சாட்சிக் கையெழுத்திடும் வழக்கம் பரவலாக உள்ளது. இட்டால், பதினைந்து ஆண்டுகள் கழித்தும் கூண்டில் ஏறத் தயாராக இருக்க வேண்டும். அன்று நடந்ததை அன்றே அலுவலக டைரியில் நான்கு வரி எழுதிவைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

உயிரோடிருப்பவரின் உயிலைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான இரகசியம் குமாஸ்தாவையும் கட்டுப்படுத்தும் என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. உயில் இருக்கிறதா என்ற கேள்விக்கு “இருக்கிறது” என்பதும் இரகசியத்தை உடைப்பதுதான்.

டிரஸ்ட் கோப்புகள்

பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். அவர் அறத்துக்கென்று எழுதிவைத்த சொத்து நீண்ட வழக்குகளில் சிக்கி, அக்காலத்தில் இருந்த சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின்னரே 1842-இல் பள்ளியாக உருப்பெற்றது. டிரஸ்ட் வேலையில் ஆவணத்தின் வாசகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்த ஊரிலேயே இருக்கும் சான்று அது. தனிப்பட்ட குடும்ப டிரஸ்ட் 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும்; அசையாச் சொத்து இருந்தால் ஆவணம் எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும், அல்லது உயில் வழியாக ஏற்படுத்தப்பட வேண்டும். பொது அறக்கட்டளை வேறு. அதன் தகராறுகள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் வழியாக வரும். இந்து சமயக் கோயில் அறக்கட்டளை என்றால் 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம் குறுக்கிடும். கோப்பின் உறையிலேயே இது எந்த வகை என்று எழுதிவிடுங்கள்.

குடும்ப டிரஸ்டில் உதவியாளர் அன்றாடம் பார்ப்பது கையெழுத்துகளைத்தான். ஆவணம் வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்று டிரஸ்ட் சட்டத்தின் 48-ஆம் பிரிவு கூறுவதால், மூவரில் இருவர் கையெழுத்திட்ட தீர்மானத்தை ஏற்றுக்கொள்ளும் முன் டிரஸ்ட் ஆவணத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். டிரஸ்டி ஒருவர் இறந்தால் அடுத்தவரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் அதில்தான் இருக்கும். மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்காகப் பெற்றோர் ஏற்படுத்தும் டிரஸ்ட்கள் இப்போது அதிகம் வருகின்றன. அவற்றோடு, 1999-ஆம் ஆண்டு தேசிய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் பெற்றாயிற்றா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

உத்தரவுக்குப் பின்

உத்தரவு வந்ததும் குடும்பம் நிம்மதியடைந்துவிடும், கோப்பு முடிவதில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். இந்த இரண்டு தேதிகளையும் உத்தரவின் நகல் கைக்கு வந்த அன்றே டைரியில் ஏற்றி, ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டலும் எழுத வேண்டும். சான்றிட்ட நகல்களைத் தேவைக்கு மேல் இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள்; ஒவ்வொரு வங்கியும் ஒன்றைக் கேட்கும், ஒன்று எங்கேயாவது தங்கிவிடும். வங்கிகள் முழு ஆவணங்களும் கிடைத்த 15 நாட்களுக்குள் இறந்தவரின் கணக்குக் கோரிக்கையைத் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதித்திருக்கிறது. ஆவணங்களைக் கொடுத்த தேதியோடு ஒப்புகை வாங்கியிருந்தால்தான் அந்த 15 நாளை எண்ண முடியும்.

பட்டா மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவை முடிந்த பின், கோப்பில் இருக்கும் மூலப் பத்திரங்களை வாங்கிய நாளில் எழுதிய ஒப்புகைச் சீட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பட்டியல் போட்டு, நிறைவேற்றுநரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூல உயில் நீதிமன்றத்திலேயே தங்கிவிடும் என்பதை அப்போது மறுபடியும் ஒருமுறை சொல்லுங்கள். அப்பாவின் கையெழுத்து இருக்கும் அந்தக் காகிதத்தைத் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. முதல் நாள் எடுத்துவைத்த வருடலின் நல்ல நகல் ஒன்றை உறையில் போட்டு அவர்களுக்குக் கொடுத்தனுப்பலாம்.